அக்காவின் ஒப்பரேசனுக்கு மூன்று வழி

1.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் இது பள்ளிமுனைக் கோயில் ஒலிபெருக்கியில் உதித்தது. அதற்கும் நான்தான் காரணம்.

எங்கள் கோயிலில் பூசை தொடங்குமுன் மூப்பர் எழுந்து, அன்றைய பூசை என்னென்ன கருத்துகளுக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று சொல்லுவார். வெளியில் சொல்ல முடியாத சங்கதி என்றால் அதற்கென்று ஒரு வசனம் உண்டு: 'ஒரு விசேட கருத்துக்காக.' எங்களூரின் மூலவியாதி, குடிகார மருமகன், மூன்றாந்தரமும் தவறிய சோதனை எல்லாம் அந்த வசனத்துக்குள்தான் மரியாதையாக ஒளிந்திருக்கின்றன.

நான் எழுத்தாளன். பொத்தாம்பொதுவான வசனங்கள் எனக்குப் பிடிக்காது. (என் கதைகளில் விவரம் கூடிவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் தலையாட்டிக்கொள்ளலாம்.) சனிக்கிழமை பின்னேரம் கொன்ஸ்ரன்ரைன் மூப்பரைக் கண்டு அக்காவுக்காகக் கருத்துச் சொன்னபோது, ஆண்டவருக்கு ஐயந்திரிபற விளங்கட்டும் என்று முழுவதையும் சொன்னேன். மூப்பரின் ஞாபகசக்தியை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன்.

ஞாயிறு காலை மூப்பர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிரான்சிஸ்காவின் கர்ப்பப்பையில் வளர்ந்திருக்கும் கட்டிகளுக்காகவும், அதை வயிற்றைக் கீறி எடுப்பதா, துவாரம் போட்டு எடுப்பதா, கீழ்வழியால் எடுப்பதா என்னும் குழப்பம் நீங்கவும், அவரின் அன்புத் தம்பி ஒப்புக்கொடுக்கும் கருத்து."

ஒலிபெருக்கி கடலைப் பார்த்துக் கட்டியிருக்கிறது. அக்கா மூன்றாம் வரிசையில் இருந்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முக்காட்டை மட்டும் மூக்குவரைக்கும் இழுத்துவிட்டாள்.

2.

பிரான்சிஸ்கா என்பது அவளுடைய சொந்தப் பெயரல்ல. கதையில் வைக்கச்சொல்லி அவளே தெரிந்தெடுத்த பெயர்.

"ஊர் முழுக்கத் தெரிஞ்ச பிறகு பேரை மாத்தி என்னக்கா பிரயோசனம்?"

"ஊருக்குத் தெரியும். வாசிக்கிற சனத்துக்கும் தெரியவேணுமோ? என்னைக் கொஞ்சம் மெலிவாவும் எழுது."

பிரான்சிஸ்கா மெலிந்தவள். (எழுதிவிட்டேன்.)

தொடக்கம் சரிவரவில்லை. முதலில் இப்படி எழுதினேன்: 'அந்தியில் மன்னார்க் கடல் குருதி பூசியதுபோல்' — நிறுத்திவிட்டேன். இரத்தப்போக்கில் வெளிறிப்போயிருக்கிற ஒருத்தியின் கதையைக் கடலுக்குக் குருதி பூசித் தொடங்குகிறவனுக்கு அறை விழவேண்டும். பிறகு: 'பெண் என்பவள் யார்? கருவறை நீங்கியபின் அவள்' — இதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "நீங்கினபிறகு அவள் நிம்மதியா நித்திரை கொள்ளுவாள், போ" என்றாள்.

ஆகவே நேரே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நாற்பத்து நான்கு வயது. பள்ளிமுனையில் ஒரு நண்டு வாடியில், கரையில் நண்டு வாங்கி ஏற்றும் கொட்டிலில், நண்டு தரம்பிரிக்கிறாள். கொஞ்சக் காலமாக மாதத்தில் பாதி நாள் இரத்தம் போனது. ஒருநாள் நண்டுக் கூடையைத் தூக்கியவள் கூடையோடு சரிந்தாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். குளிசைக்கும் ஊசிக்கும் கேட்கவில்லை. கர்ப்பப்பையை எடுக்கத்தான் வேண்டும், எடுக்க மூன்று வழி உண்டு, மிச்சத்தைச் செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் பெரிய டொக்டர் விளங்கப்படுத்துவார் என்று அனுப்பிவிட்டார்கள். எந்த வழி என்பதுதான் கேள்வி. கதையும் அவ்வளவுதான்.*

* இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியும் என்று சனிக்கிழமையே தெரிந்திருந்தால் மூப்பருக்கும் சுகமாயிருந்திருக்கும்.

3.

டொக்டர் பாத்திரத்தை முன்கூட்டியே செய்து வைத்திருந்தேன்: உயரம், தடித்த கண்ணாடி, நோயாளியின் முகத்தைப் பாராமல் எழுதிக்கொண்டேயிருக்கும் கை. வாசகர்கள் வெறுப்பதற்கு வாகான ஆள். கிளினிக்கில் இருந்தவரோ சிவலட்சுமி டொக்டர். கட்டையான ஆள். கதிரையை அக்காவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். என் பாத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"பிரான்சிஸ்கா, உங்கட கர்ப்பப்பை இப்ப ஐஞ்சு மாசக் கர்ப்ப அளவிலை இருக்கு."

"ஓம் டொக்டர். அதுதான் பஸ்ஸிலை எழும்பி இடம் விடுறாங்கள்."

டொக்டர் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "கீழ்வழியால எடுத்தால் வெளியிலை காயம் தெரியாது, கெதியா எழும்பலாம். ஆனா இந்த அளவு கீழால வராது. அதை விடுவம். துவாரம் போட்டுச் செய்தால் காயம் சின்னன், ரெண்டு மூண்டு கிழமையிலை நடமாடுவீங்கள். ஆனா இவ்வளவு பெரிசைத் துண்டு துண்டாத்தான் வெளியிலை எடுக்கவேணும். அதிலை கைதேர்ந்தவர் கொழும்பிலை இருக்கிறார், கடிதம் தாறன். வயித்தைக் கீறிச் செய்யிறதெண்டா இங்க நானே செய்வன். காயம் பெரிசு, நோ கூட. ஒண்டரை மாசம் பாரம் தூக்கேலாது."

"எது டொக்டர் நல்லது?" குறுக்கே விழுந்தேன்.

"நீங்கள் ஆர்?"

"இவவின்ர தம்பி."

"ஓ! மைக்கிலை சொன்ன தம்பியோ?" என்றார் டொக்டர். "எங்கட நேர்ஸ் ஒராள் பள்ளிமுனை." பிறகு என் கேள்விக்கு வந்தார். "எது நல்லதெண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. ஆருக்கு, எந்த நேரத்திலை எண்டுதான் இருக்கு."

இது பதிலா? நீங்களே சொல்லுங்கள். நான் ஒரு பதில் கேட்டேன், அவர் அதைத் துண்டு துண்டாக்கித் தந்தார்.

அடுத்தது சூலகம். "எடுத்தா ஒரேயடியா மாதவிடாய் நிண்ட ஆளாகிடுவீங்கள். உடம்பெல்லாம் கொதிக்கும், வேர்க்கும், எலும்பு தேயும். உங்கட குடும்பத்திலை ஒருத்தருக்கும் சூலகப் புற்றுநோய் இல்லை. பார்வைக்கு நல்லா இருந்தா விடுவம் எண்டுதான் நான் சொல்லுவன். ஆனா முடிவு உங்கட."

அக்கா யோசித்தாள். "நண்டிலை சினையை விட்டிட்டுக் கோதைக் கழட்டுற மாதிரி."

"நண்டை விட நீங்கள் கொஞ்சம் சிக்கல்" என்றார் டொக்டர். "அடுத்த செவ்வாய் வந்து சொல்லுங்கோ. அதுக்கு மேல பிந்தாதேங்கோ, உங்கட இரத்தம் காணாது."

4.

மூப்பரின் மைக்குக்குப் பிறகு ஊரில் அபிப்பிராயம் இல்லாத ஆளே இல்லை.

கிளினிக் வாங்கில் பக்கத்திலிருந்த கனகம்மா திருக்கேதீஸ்வரத்துக்கு அங்காலை வயல் செய்கிறவர். "எனக்குக் கீழாலதான் எடுத்தது பிள்ளை. ஒரு கீறல் இல்லை. அறுவடைக்கு இறங்கிட்டன்" என்றார். அவருடையது கர்ப்பப்பை இறங்கிய வருத்தம், வேறு சங்கதி என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. அடுத்திருந்த ஹமீதா கொழும்பில் துவாரம் போட்டுச் செய்தவர். "மூணே மூணு ஓட்டை. பாக்கிறியளா?" என்று சட்டையில் கைவைத்தார். நான் சுவரிலிருந்த நுளம்புச் சுவரொட்டியை ஊன்றி வாசித்தேன்.

கோயில் வளவில் மாக்கிறட் மாமி: "எடுக்கிறதெண்டா எல்லாத்தையும் சேத்து எடு. பிறகும் ஒருக்கா ஆஸ்பத்திரியிலை போய்ப் படுக்கிறதோ?" வட்ஸ்அப்பில் கனடா மச்சாள்: அங்கே ரோபோதான் செய்யுதாம். அக்கா ஒரு கும்பிடு படத்தை அனுப்பிவிட்டுப் போனை வைத்தாள். மூப்பரிடம் கேட்டேன். "ஆண்டவர்ர சித்தம், தம்பி. எந்த வழியெண்டு அவருக்கு விவரமாத்தானே சொல்லியிருக்கிறம்."

எனக்குச் சந்தேகமான பாத்திரம் பஸ்ரியன் அத்தான், அக்காவின் புருசன், கடலுக்குப் போகிறவர். யார் என்ன கேட்டாலும் ஒரே வசனம்: "அவவின்ர விருப்பம்." இது அன்பா, அக்கறையின்மையா என்று பிடிபடவில்லை. அவருக்கு ஒரு நீண்ட வசனம் எழுதிப் பார்த்தேன். [அத்தான் கடலைப் பார்த்தபடி, 'உன் நோவில் பாதியை நான்' —] வாய்ப்பேயில்லை. அத்தான் கடலைப் பார்த்தால் காற்றைத்தான் பார்ப்பார்.

ஆனால் அந்தக் கிழமை முழுக்கத் தொழிலால் கரைக்கு வந்த கையோடு வாடிக்குப் போய் அக்காவின் கூடைகளை அவர்தான் தூக்கினார். பெரிய நண்டையும் சின்ன நண்டையும் கலந்து கொட்டி வாடி முதலாளியிடம் ஏச்சு வாங்கினார். அடுத்த நாளும் போனார். இதை எந்த வசனத்தில் அடக்குவது என்று தெரியாமல், நடந்ததை நடந்தபடி வைத்திருக்கிறேன்.

5.

கதைக்குள்ளிருந்து சங்கதியை வெளியில் எடுக்கவும் மூன்று வழி உண்டு. எல்லாவற்றையும் நீளமாகக் கீறித் திறந்து காட்டலாம், தழும்பு வாசகருக்கு. அங்கங்கே சின்னத் துவாரம் போட்டு உள்ளே எட்டிப்பார்க்கலாம், அதைத்தான் இதுவரை செய்தேன். அல்லது வெளியில் ஒரு கீறலும் தெரியாமல் எடுத்துவிடலாம், அதற்குக் கை வேண்டும். என்னிடம் இருப்பது வாய்.

முடிவுகளாவது இருக்கட்டும் என்று மூன்றை எழுதினேன்.

(அ) அக்கா கொழும்புக்குப் போகிறாள். சின்னக் காயம். மூன்றாம் கிழமை வாடிக்கு வந்து, அத்தான் கலந்துவைத்த நண்டைத் திரும்பப் பிரிக்கிறாள்.

(ஆ) மன்னாரிலேயே வயிற்றைக் கீறுகிறார்கள். ஒன்றரை மாதம் அக்கா கதிரையில் இருந்து கட்டளையிட, அத்தான் சமைக்கிறார். வீடே மெலிகிறது.

(இ) மடுமாதாவிடம் நேர்த்திவைத்ததில் கட்டி கரைந்துவிடுகிறது. [சிவலட்சுமி டொக்டர் என்னைக் கிளினிக்குக்குள் விடமாட்டார். இதைக் கோடு போட்டு அடிக்கவேண்டும்.]

எது நடந்தது என்று சொல்லப்போவதில்லை. இதை எழுதும்போது எனக்கும் தெரியாது. முடிவை உங்களிடம் தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள். அ, ஆ, இ என்று போட்டுத்தந்ததே பெரிய உபகாரம்.

6.

திங்கட்கிழமை பின்னேரம். வாடியில் மற்றவர்கள் போய்விட்டார்கள். அக்கா ஐஸ் பெட்டிமேல் சாக்கை விரித்து இருந்தாள். முடிவுகளை வாசிக்கச் சொன்னாள். மூன்றையும் வாசித்தேன். (ஆ)வுக்குக் கொஞ்சம் சிரித்தாள்.

"மூண்டிலையும் நான் நல்லா எழும்பி வாறன், என்ன?"

"ஓமக்கா."

"அப்ப நாலாவது ஒண்டும் யோசிச்சிருக்கிறாய். யோசிச்சிட்டு எழுதாமல் விட்டிருக்கிறாய்."

ஒரு பகிடி விடலாம் என்று பார்த்தேன். என் தொழிலே அதுதான். தாள்களை மடித்தேன். அக்கா என் முகத்தைப் பார்க்காமல் காலடியில் ஒட்டியிருந்த நண்டுக் கோதொன்றைத் தட்டிவிட்டாள்.

ஒரு கிழமையாக அவளிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஒவ்வொரு தரமும் அவள் 'சாப்பிட்டியோ' என்றும் 'மூப்பரைக் கேள்' என்றும் தள்ளிவிட்ட கேள்வி. இன்னொருதரம் கேட்டேன். இம்முறை எழுதுவதற்காக அல்ல.

"நாளைக்கு டொக்டருக்கு என்னக்கா சொல்லப்போறாய்?"

"இங்கதான். வயித்தைக் கீறட்டும். சூலகத்தை விடச் சொல்லுவன்."

"கொழும்பிலை காயம் சின்னனெல்லோ?"

"தெரியும். நோவும் குறைவு, அதுவும் தெரியும். எனக்குப் பயமாயிருக்கடா. மயக்கம் தெளியேக்கை என்னவெண்டு கத்துவனோ, ஆரைக் கூப்பிடுவனோ, எனக்கே தெரியாது. கொழும்பு ஆஸ்பத்திரியிலை கூட சிங்களம்தான். அங்கயும் தமிழ் தெரிஞ்ச ஒருத்தி நிப்பாள். நிக்காமலும் போவாள். இங்கயெண்டா நான் எந்தச் சொல்லைச் சொன்னாலும் விளங்கிற ஆள் பக்கத்திலை நிக்கும். அதுக்காக எவ்வளவு நீளத்துக்கு வேணுமெண்டாலும் கீறட்டும்."