நடுவில் எட்டிப் பார்த்த வரி

என் மனைவி கம்பைலர் எழுதுகிறவள். ஒரே நிரலில் பாதியைச் சாதாரணக் கணினிக்கும் மீதியைக் குவாண்டம் இயந்திரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற கருவி அது. அந்தக் குவாண்டம் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்பவள் என் தங்கை. அதைக் குளிராக வைத்திருக்கும் மெக்கானிக் நான். மனைவிக்கு மூன்றாம் மாடி, தங்கைக்கு அடித்தளம், எனக்குப் படிக்கட்டு.

படிக்கட்டு ஏனென்றால், அந்த வாரம் அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சண்டைக்குக் காரணம் அவர்கள் சேர்ந்து ஓட்டிய ஒரு கணக்கு: மருந்து வண்டி எந்த வழியில் போனால் சீக்கிரம் சேரும் என்பது. விடை தெரிந்த குட்டிக் கணக்கைக் கொடுத்தால்கூட, காசு சுண்டிவிட்ட மாதிரி பாதிக்குப் பாதி தப்பாக வந்தது.

“மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க” என்பாள் மனைவி.

“மெஷின் தங்கமா இருக்கு. அண்ணியோட கம்பைலர்தான் குழப்புதுன்னு சொல்லுண்ணா” என்பாள் தங்கை.

நாலு நாள் முழங்கால் தேய ஏறி இறங்கினேன். ஐந்தாம் நாள் மதியம், ஏதோ காட்டவேண்டும் என்று பொய் சொல்லி மனைவியைக் கீழே கூட்டி வந்தேன். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள். ஏதாவது பேசவேண்டுமே என்று மனைவியிடம் கேட்டேன்: “கணக்கு ஓடும்போது உள்ள என்ன நடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“என் கருவியே ஒரு வரி சேர்த்துடும். நடுநடுவுல மதிப்பைப் படிச்சுக் காட்டும்.”

தங்கை சட்டென்று திரும்பினாள். “நடுவுல படிக்குமா? ஐயோ அண்ணி! பூஜ்யமும் ஒண்ணும் சேர்ந்தே இருக்கிற க்யூபிட்டை எட்டிப் பார்த்தா ஏதோ ஒரு பக்கம் சாஞ்சுடுமே! அப்புறம் கணக்கு எப்படி நடக்கும்?”

மனைவியின் காது சிவந்துவிட்டது. “சாதாரணக் கணினியில இருபது வருஷப் பழக்கம்…” என்று முணுமுணுத்தபடி தங்கையின் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியை நீக்கினாள். அந்தக் குட்டிக் கணக்கை ஆயிரம் தடவை ஓட்டினார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவை சரியான வழி வந்தது. தங்கை அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

இனி யார் நடுவில் படிக்கிற வரியை எழுதினாலும், தெரிந்துதான் செய்கிறாரா என்று கம்பைலரே நிறுத்திக் கேட்கவேண்டும் என முடிவானது. எப்படிக் கேட்பது?

“‘இடைநிலை அளவீடு கண்டறியப்பட்டது’” என்றாள் மனைவி.

“யாருக்குப் புரியும்? ‘நடுவுல எதுக்கு எட்டிப் பாக்குறே?’ன்னு போடுங்க.”

“மரியாதை வேணாமா?”

“சரி, ‘பாக்குறீங்க’.”

அதற்கும் சண்டை. சாப்பிடக் கூப்பிட்டேன்.

“இருங்க!” என்றாள் ஒருத்தி.

“இருண்ணா!” என்றாள் மற்றவள்.

நான் என் டப்பாவைத் திறந்து, சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தேன்.