காலிப் பெட்டியில் எரிந்த விளக்கு

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி லேசியாவின் சமையலறையில், வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையோடு ஒரெஸ்ட் வாராவாரம் ஒரு பொய்யையும் சேர்த்து விழுங்குவான்.

"வேன் பேட்டரி எப்படி இருக்கு?"

"பன்னெண்டு புள்ளி ஏழு வோல்ட்டு, அண்ணி. கல்லு மாதிரி இருக்கு."

அடுப்பு, படுக்கை, மேசை எல்லாம் வைத்த வீட்டு வேன் அது. செத்துப்போன அண்ணன் தாராஸுடையது. பனிக்காலத்துக்கு ஒரெஸ்டின் கொட்டகையில் நிற்கிறது. கனடாவின் மனிடோபா குளிரில் பேட்டரி வடிந்துவிட்டால் உள்ளுக்குள் உறைந்து வெடிக்கும். நிறைந்திருந்தால் ஒன்றும் ஆகாது. சார்ஜரில் போட்டுக் காப்பாற்றுவதாக ஆஸ்பத்திரியில் அண்ணன் கையைப் பிடித்துச் சொன்னவன் ஒரெஸ்ட்தான். ஆனால் ஓட்டை டிராக்டருக்குப் பச்சை வர்ணம் பூசிப் புதுசென்று விற்ற வாய்க்கு அந்த வாக்கு எம்மாத்திரம்? இரண்டு பேட்டரியையும் கழற்றி, உறைந்த ஏரிமேல் நிறுத்தியிருந்த தன் மீன்பிடிக் குடிசைக்கு விளக்கெரிக்கக் கொண்டுபோய்விட்டான்.

அன்று லேசியா பேச்சை விடவில்லை.

"நேத்து சாயங்காலம் உன் கொட்டகைப் பக்கமா வந்து ஜன்னல் வழியா பாத்தேன். வேனுக்குள்ள மேசை விளக்கு எரியுது. அணைக்கத் தெரியாதா உனக்கு?"

ஒரெஸ்ட் இன்னொரு கொழுக்கட்டையை வெண்ணெயில் புரட்டினான்.

"பனி வெளிச்சம் கண்ணாடியில பட்டிருக்கும், அண்ணி."

"பனி எது, விளக்கு எதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு மத்தியானம் வந்து பாக்குறேன். நீ சொன்னது பொய்யா இருந்துச்சு, அப்புறம் இந்த வாசப்படிய மிதிச்சிடாத."

பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒரெஸ்டை உட்காரவைத்துச் சாப்பாடு போடும் வீடு உலகத்தில் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஏரிக்குப் போய் பேட்டரிகளைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். கொட்டகைக் கதவைத் தள்ளினான். வேனுக்குள் மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். காலி. அவன் டேப் சுற்றிவைத்த வயர் முனைகள் அப்படியே தொங்கின. சார்ஜர் கம்பி சுவரில் சுருட்டியபடி, தூசியோடு. உள்ளே ஏறி, கதவோரத்து மீட்டரைப் பார்த்தான்.

12.7.

வாய்க்கு வந்ததை அவன் அடித்துவிட்ட எண் அது.

பேட்டரிகளை வைத்து வயரை மாட்டினான். மாட்டிய நொடியில் விளக்கு அணைந்தது. மீட்டரும் செத்தது. வெளியே கார் நின்ற சத்தம்.

லேசியா குனிந்து பெட்டியைப் பார்த்தாள். விரலால் எதையோ சுரண்டி எடுத்தாள்.

"என்னடா, பேட்டரிக்கு மீன் செதில் முளைச்சிருக்கு?"

ஏழெட்டுப் பொய்கள் வாய்வரைக்கும் வந்து வரிசையில் நின்றன. எதுவும் வெளியே வரவில்லை.

"ஏரிக்கு எடுத்துட்டுப் போயிட்டேன், அண்ணி. இன்னிக்குத்தான் மாட்டினேன். மாட்டினதும் அணைஞ்சிடுச்சு."

"மாட்டினதும் அணைஞ்சுதா? எங்க, கழட்டு பாப்போம்."

கழற்றினான். விளக்கு எரிந்தது.

லேசியா கத்தவில்லை. காலிப் பெட்டியை ஒருமுறை, விளக்கை ஒருமுறை பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, மேசையின் ஒரு பக்கம், தாராஸின் இடத்துக்கு எதிரே, தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

"நீ போ. அந்த வயர்ல மட்டும் இனி கை வைக்காத."

"ஞாயித்துக்கிழமை...?"

"ஞாயித்துக்கிழமை நான் இங்கதான் இருப்பேன். உன்னைக் கூப்பிடல."

ஒரெஸ்ட் வெளியே வந்து கதவைச் சாத்தப்போனான். வேன் ஜன்னலில் விளக்கு ஒரு கணம் மங்கியது. உள்ளே தண்ணீர் மோட்டார் உறுமியது. யாராவது குழாயைத் திறந்து கெட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது அந்த விளக்கு எப்போதும் அப்படித்தான் மங்கும்.

குளிருக்கு முன்பே வேனின் தண்ணீர்த் தொட்டியை ஒரு சொட்டு விடாமல் வடித்தவன் அவன்தான். ஜன்னலில் லேசியா தெரிந்தாள். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்து, அசையாமல், எதிர் இருக்கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.