பாதியில் எடுத்த சி.டி.

"பாதியிலேயே எடுத்துட்டா, மீதியில என்ன இருக்குன்னு எப்படிங்கண்ணே தெரியும்?"

பிரவீணா அப்படிக் கேட்டபோது மாயவன் சிரித்துக்கொண்டே சி.டி.யை உறையில் போட்டான். பெரம்பலூரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் வேணுகோபாலின் கடையில் அவள் அம்மா மலர்கொடிதான் டைப் செய்பவள். கோடை விடுமுறை என்பதால் குழந்தையும் உடன் வந்திருந்தது. சில நாட்களாக, கம்ப்யூட்டரில் அடித்து வைத்த பத்திரிகைகள் மறுநாள் திறக்கவில்லை. மலர்கொடி கம்ப்யூட்டரை முறையாக மூடாமல் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகிறாள் என்றார் வேணுகோபால். அப்படி இல்லை என்றாள் அவள். கம்ப்யூட்டரின் நினைவகமான ரேமில் கோளாறா என்று பார்க்க, பழுது பார்க்கும் மாயவனை அழைத்திருந்தார்கள்.

அந்த சி.டி.யைப் போட்டுக் கம்ப்யூட்டரைத் தொடங்கினால் விண்டோஸ் வராது, நீலத் திரை வரும். ரேமின் ஒவ்வொரு மூலையிலும் எதையோ எழுதி, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று அது திரும்பப் படித்துப் பார்க்கும். மாறியிருந்தால் சிவப்பு வரி விழும். ஒரு சுற்று முடிய வெகுநேரம் ஆகும். மாயவனுக்கு எறையூரில் இன்னொரு வேலை காத்திருந்தது. சதவீதம் பாதியைத் தொட்டபோதும் சிவப்பு விழவில்லை. மெஷினில் குறையில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். அன்று மாலையே, பத்திரிகைக்கு வந்திருந்தவர்கள் முன்னால், மலர்கொடியை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று வேணுகோபால் சொல்லிவிட்டார்.

ஆவணியில் வேணுகோபாலே உட்கார்ந்து அடித்த பத்திரிகைகளும் திறக்கவில்லை. மெஷின் மாயவனின் கடைக்கு வந்தது. அன்று வேறு வேலை இல்லாததால் சி.டி.யை ஓடவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். சுற்று முடியப்போகும் நேரத்தில் ஒரு சிவப்பு வரி விழுந்தது. பிறகு திரை நிறைய விழுந்தது. தன் ஒரு சொல்லில் இன்னொருவரின் சோறு இருக்கிறது என்பதை அதற்கு முன் அவன் யோசித்ததில்லை. குழந்தை கேட்டது நினைவுக்கு வந்தது.

மலர்கொடி வீட்டு வாசலில் கூலிக்குச் சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே சொன்னான்.

"எம்மேலதாங்க்கா தப்பு. முழுசா ஓட விடல."

அவள் அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு கடை நெறய ஆளுங்க இருக்கறப்ப சொன்னாரு. நீங்க இங்க வந்து எங்கிட்ட சொல்றீங்க."

மறுநாள் காலை வேணுகோபாலின் கடையில் மூன்று கல்யாண வீட்டார் காத்திருந்தார்கள். மாயவன் அவர்கள் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னான்.

"ஏம்ப்பா, இத அன்னைக்கே சொல்ல என்ன? வாயில வெத்தல இருந்துச்சா?" என்றார் வேணுகோபால். சிலர் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. "திங்கக்கெழம வரச் சொல்லு அந்தப் புள்ளய" என்றார்.

புது ரேம் வாங்க மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இருப்பதையே ரப்பரால் தேய்த்து மாட்டச் சொன்னார். ஊரில் எல்லோரும் செய்வதுதான். ரேமின் பித்தளை நிறப் பல் பளபளக்கும், சில நாள் ஓடவும் ஓடும். பிறகு ஏதோ ஒரு பத்திரிகை திறக்காமல் போகும். அப்போது விரல் யார் பக்கம் நீளும் என்று மாயவனுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வேணுகோபால் விக்கிரமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மெஷினை மாட்டிவைக்கச் சொல்லி, சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்திருந்தார். மாயவன் தன் கடை மெஷினிலிருந்து கழற்றிய ரேமைச் சட்டைப் பையில், திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பின்னால் வைத்து எடுத்துவந்தான். பழையதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு சி.டி.யைப் போட்டான்.

சதவீதம் பாதியைத் தொட்டது. அவன் எழுந்திருக்கவில்லை. சிவப்பு ஏதும் விழாமல் ஒரு சுற்று முடிந்து, எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. அதையும் ஓடவிட்டான். மலர்கொடியின் காலி நாற்காலிமேல் நீல வெளிச்சம் படிந்திருந்தது.