விடியற்கால மழையும் மாலைப் பூக்குழியும்

புவனேஸ்வரன் தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் கணக்குப் பார்ப்பவர். ஆபீசுக்குப் பின்னால் புல்தரையில் நட்டிருக்கும் மழைமானியைத் தினமும் காலை ஏழு மணிக்கு அளப்பது அவர் வேலைகளில் ஒன்று. எத்தனை மில்லிமீட்டர் என்று மட்டும்தான் நிர்வாகம் கேட்கும். மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும் பன்னிரண்டு வருடங்களாக அவர் குறித்து வருகிறார். அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

இந்த ஏப்ரலில் பேசினார். கோயில் திருவிழாக் கூட்டத்தில் எழுந்து, "தீமிதிய காலைல பதினோரு மணிக்கு வைங்க" என்றார்.

இரண்டு வருடங்களாகப் பக்தர்கள் இறங்கும் முன்பே பூக்குழி மழையில் அணைந்து போயிருந்தது. புவனேஸ்வரன் விபத்தில் சிக்கி நினைவில்லாமல் கிடந்தபோது அவர் மனைவி உமாராணி தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை குழியின் விளிம்பு வரை வந்து, நனைந்த மஞ்சள் புடவையோடு திரும்பினாள். இந்த முறையும் அணைந்தால் இனிப் பால்குடத்தோடு நிறுத்திக்கொள்வது என்று கமிட்டியில் பேச்சு இருந்தது.

"காலங்காலமா சாயங்காலம் அஞ்சு மணிதான்" என்றார் தலைவர் பரஞ்சோதி. "காலைல மட்டும் பெய்யாதா? போன்ல இந்த வாரம் பூரா இடிமேகம் போட்டிருக்கான், பாரு."

"அந்தப் படம் மாவட்டம் முழுசுக்கும், நாள் முழுசுக்கும் ஒண்ணுதான் அண்ணே. நாள் பூரா பெய்யும்னு அர்த்தமில்ல. ஏப்ரல்ல காத்து செத்துப்போவும். காலை வெயில் தரைய சூடாக்கும். மத்தியானம் கடல்காத்து உள்ள வந்து மலைல முட்டும், மேகம் எழும்பும். மூணரைக்கு மேல கொட்டும். ஏப்ரல் மழை பத்துல எட்டு அப்படித்தான்."

"அம்மனுக்கே அப்பாயின்ட்மென்ட் போடுறாரு லா கிராணி!" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். புவனேஸ்வரன் உட்காரவில்லை. சிரிப்பு அடங்கும் வரை நின்றார்.

"சரி, இந்த வருஷம் உன் பேச்சு" என்றார் பரஞ்சோதி. "நனைஞ்சா அடுத்த வருஷம் குழி வெட்ட மாட்டோம்."

திருவிழா அன்று, விறகுக்குத் தீ வைக்க வேண்டிய விடியற்காலையில், மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. தகரக் கூரைகள் அடித்துக்கொண்டன. ஒரு மணி நேரம் மழை விளாசியது. விறகைக் கன்வாஸ் போட்டு மூடியிருந்ததால் தப்பியது. ஆறு மணிக்கும் தூறல் நிற்கவில்லை.

பரஞ்சோதி குடையோடு வந்தார். "என்னா கிராணி, மேகத்துக்கு நீ சொன்னது காதுல விழல போல."

புவனேஸ்வரன் வெகுநேரம் மேற்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "சாயங்காலமே வச்சுக்குவோம். பத்து மணிக்குத் தீ வைங்க. அஞ்சு மணிக்கு இறங்கட்டும்."

"சாயங்காலம் கூடாதுன்னு மூணு வாரமா என் உயிர எடுத்தது நீதானே?"

"அது வேற மழைக்குச் சொன்னதுண்ணே. மத்தியான மழை தரைச் சூட்டுல பொறக்குறது. இது ராத்திரி கடல் மேல பொறந்து, சுமாத்ரா பக்கமிருந்து வந்தது. தூறல் ஒம்பது மணிக்கு நின்னுரும். ஆனா தரைய குளிர வச்சிருச்சு. இனி மேகம் எழும்ப சூடு எங்க இருக்கு? இப்படி விடிஞ்ச நாள்ல சாயங்காலம் பெய்யுறது ரொம்ப குறைவு."

"உறுதியாவா?"

"மழைல நூத்துக்கு நூறு கிடையாது. ஆனா என் பொண்டாட்டி இறங்குற குழி. நான் சொல்றேன்."

நேரம் மாறியது என்று வாட்சாப்பில் சேதி போனது. ஒன்பது மணிவாக்கில் தூறல் நின்றது. பரஞ்சோதியின் மனைவி புஷ்பவள்ளி மட்டும் இறைச்சி கோத்துச் சுடும் சத்தே குச்சியில் வெங்காயமும் மிளகாயும் குத்திக்கொண்டு வந்தாள். இந்தப் பக்கத்தில் கல்யாணம் காட்சி என்றால் மழையைத் தடுக்க நடுவது. "கிராணியார் சொல்றத சொல்லட்டும். நான் நடுறத நட்டுட்டுப் போறேன்."

நாலரை மணிக்குத் தணல் சிவந்து கிடந்தபோது, கிழக்கே மலைக்குப் பின்னால் மேகம் கறுத்தது. இடி உருண்டது. உடுக்கை அடித்தவர் கைகூட ஒரு நொடி நின்றது. எல்லோரும் புவனேஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் மேகத்தின் உச்சியைப் பார்த்தார். அது மேலே ஏறாமல் பக்கவாட்டில் பரவிக் கலைந்துகொண்டிருந்தது. அங்கிருந்து குளிர்காற்றும் வரவில்லை.

"அது மலைக்கு அந்தாண்ட, பாலிங் ஊர் பக்கம். இங்க வராது" என்று சொல்லி, நீண்ட கழியால் தணலைச் சமப்படுத்தத் தொடங்கினார்.

உமாராணி ஏழாவதாக இறங்கினாள். அவசரப்படவில்லை. ஒவ்வோர் அடியும் தணலில் பதிந்தது. மறுமுனையில் பால் ஊற்றிய குழியில் நின்று கண்களை மூடிக்கொண்டாள். அவர் போய்ப் பக்கத்தில் நின்றார். வேண்டுதல் முடிந்துவிட்டது, வானம் காய்ந்தே கிடந்தது.

பரஞ்சோதி தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "அடுத்த வருஷம் எத்தன மணிக்கு வைக்கலாம் கிராணி? இப்பவே சொல்லிட்டா நோட்டீஸ்ல போட்டுரலாம்."

"தேதிய போடுங்கண்ணே" என்றார் புவனேஸ்வரன். "நேரத்த அன்னைக்கு விடிஞ்சதும் சொல்றேன்."