இருபதாம் வரி, ஐந்தாம் கட்டம்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சுற்றி வளைக்க எனக்கு வராது. முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என் மனைவி எடைமேடை அறையில் வேலை பார்க்கிறாள். லாரி மேடையில் ஏறும், அவள் கணினியில் எடையை அடிப்பாள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, எழுத்து விழப்போகும் இடத்தில் மினுக்குகிற ஒரு குச்சி. கர்சர் என்பார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்த அறையில் அவர்கள் இருவரும் தனியாக...’ அடித்துவிட்டேன். தனியாக இல்லை. சன்னல் முழுக்க லாரிக்காரர்கள்.

2

அந்தக் கணினிக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்த புரோகிராம்காரன் வருகிறான். (அவனுக்கு வழுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் தலை நிறைய முடி.) நான் சாப்பாடு கொண்டுபோன நேரம், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்கிறான்:

“ரெண்டே எண்தான்க்கா. முதல்ல எத்தனாவது வரி, அப்புறம் எத்தனாவது கட்டம். இருபது, அஞ்சுன்னு போட்டா குச்சி கீழ இடது மூலையில போய் நிக்கும். எடை அடிக்கிற இடமும் அங்க வந்துரும்.”

“இத்தனை நாளா மேல வலது மூலையில நின்னு என் உசுர வாங்குச்சு தம்பி.”

“இனிமே சொன்ன பேச்சு கேக்கும்.”

சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து...

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

அடிக்குறிப்பு: அக்கா என்று கூப்பிடுகிறவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

3

இந்த இடத்தில் என்னை நல்லவனாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அவன் கிளம்பினான். அவள் கை கழுவப் போனாள். அவன் எந்த இடத்தில் எந்த எண்ணை மாற்றினான் என்று பின்னால் நின்று பார்த்து வைத்திருந்தேன். நான் இருபதை மறுபடி இரண்டாக்கினேன். ஐந்தை எழுபதாக்கினேன். அவ்வளவுதான். குச்சி பழைய மூலைக்கே போய்விட்டது.

அடுத்த லாரி ஏறியது. அவள் இடது மூலையில் தேடினாள், தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள், கடைசியில் குத்துமதிப்பாக அடித்தாள். ஒரு பூஜ்யம் கூடிப்போனது. ஆறு லாரி ஹாரன் அடித்தது. முதலாளி வந்துவிட்டார்.

“என்னம்மா, எதிர்ல இருக்கறது தெரியலையா? கண்ணு சரியில்லன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“தெரியுதுங்கய்யா,” என்றாள். பொய்.

4

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னாள்.

“வலது பக்கம் பார்வை மங்கிப்போச்சுங்க. நாலு மாசமா.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நம்புவீங்களா? வேலைக்குப் போக வலிக்குதான்னு கேப்பீங்க.”

“அவங்கிட்ட மட்டும் சொன்னியாக்கும்?”

“அவர்கிட்டயும் சொல்லல. கொஞ்ச நேரம் நின்னு பாத்தாரு, அவராவே புரிஞ்சுக்கிட்டாரு.”

நான் அவளுக்கு வலது பக்கமாக நடந்துகொண்டிருந்தேன்.

பொறாமை அத்தோடு போய்விட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். போகவில்லை. இரட்டிப்பானது.

5

முடிவு ஒன்று: நான் ஒப்புக்கொள்கிறேன், அவள் மன்னிக்கிறாள். சினிமா.

முடிவு இரண்டு: புரோகிராம்காரன் என்னைக் காட்டிக்கொடுக்கிறான். அதையும் அவன் செய்யவில்லை. மறுநாள் வந்து எண்களைத் திருத்தினான். “மெஷின் கோளாறுக்கா,” என்றான், என்னைப் பார்த்தபடி. பாவி, பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டான்.

மூன்றாவது முடிவை யோசிப்பதற்குள் அவளே வந்துவிட்டாள்.

“என்னங்க எழுதறீங்க? எழுத்தெல்லாம் பொடியா இருக்கு. படிச்சுக் காட்டுங்க.”

முதல் இரண்டு பகுதியைப் படித்துக் காட்டிவிட்டேன். “பொறாமையா? இந்த வயசுலயா?” என்று விழுந்து விழுந்து சிரித்தாள். என்னிடம்தான்.

அடுத்தது மூன்றாம் பகுதி, நான் எண்ணை மாற்றியது. தாண்டி நான்குக்குப் போனால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள், என்ன செய்யட்டும்?

“ம், அப்புறம்?” என்கிறாள்.