ஆணியில் இல்லாத வளையம்

என் தங்கையும் அவள் புருஷனும் சண்டை வந்தால் கத்த மாட்டார்கள். பேச்சை நிறுத்திவிடுவார்கள். கத்தித் தொலைத்திருக்கலாம்.

இரண்டு பேரும் சேர்ந்து பைக் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறார்கள். அதே சுவரை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை. அங்கே ஸ்குரூ விழுந்தால் இங்கே கேட்கும். இந்தச் சண்டைக்குக் காரணம் ஒரு போல்ட். தங்கை அதை மரை போகிற அளவுக்கு முறுக்கிவிட்டாளாம். வண்டிக்காரர் முன்னாலேயே மாப்பிள்ளை அதைச் சொல்லிக் காட்டிவிட்டாராம். அதிலிருந்து மௌன விரதம். "அக்கா, அந்த ஆளை ஸ்பேனரை எடுத்த இடத்துல வைக்கச் சொல்லு" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைத் தூது விடுவாள். அந்த ஆள் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில்தான் நிற்பார்.

அவர்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றுவது மாப்பிள்ளை, புதியதை மாட்டுவது தங்கை. டப்பா மாதிரி இருக்கும் அந்த ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். சில சமயம் டப்பா மட்டும் கையோடு வரும்; வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கறுப்போடு கறுப்பாக இருப்பதால் லேசில் கண்ணில் படாது. அதைப் பிய்த்து எடுக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின்மேல் வளையம் ஏறிக்கொள்ளும். நிறுத்தி வைத்து வண்டியை ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு சொட்டுக்கூடக் கசியாது. வேகம் பிடித்து உள்ளே அழுத்தம் ஏறினால் வளையம் பிதுங்கும், எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு போய்ப் பின்சக்கரத்தில் விழும்.

அதனால் எங்கே ஒட்டியிருந்தாலும் வளையத்தை எடுத்து மாப்பிள்ளை சுவரில் ஓர் ஆணியில் மாட்டுவார். அங்கே ஏற்கெனவே ஒரு கொத்து தொங்கும். புதிதாக ஒன்று சேர்ந்ததா என்று பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். தங்கை புது ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு "வளையம்?" என்பாள். "ஆணியில" என்பார் அவர். அந்தப் பதில் வராமல் அவள் மாட்ட மாட்டாள். நாள் முழுக்க என் காதில் விழுகிற வசனம்.

அன்று காலை என் வீட்டுக்காரருடைய வண்டியை ஆயில் மாற்ற அவர்களிடம் விட்டிருந்தோம். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவைத் திறக்கிறவரை வெளியே நின்று பேசிக்கொண்டே இருப்பார். "பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன். கேக்குதா? கேட்டா ஒரு தட்டு தட்டுங்க." உள்ளேயிருந்து தட்டு வந்துவிட்டால் போதும், அதன் பிறகு நிதானமாக வேலை பார்ப்பார்.

பக்கத்து ஊரில் ஒரு லிஃப்ட் நின்றுபோனதாகப் போன் வந்திருந்தது. கிளம்பும்போதுகூடச் சும்மா போகவில்லை. "என்ன சகலை, உங்க வீட்டுல வால்யூம் பட்டன் போயிடுச்சா? வந்ததும் நான் பாத்துத் தரேன்" என்று இரண்டு பேரையும் சீண்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவர் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் தங்கையின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை. புருஷனிடம் பேசினாள்.

"மாமாவோட வண்டி வளையம் எங்க?"

வழக்கமான "ஆணியில" வரவில்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டு ஓடினேன். எண்ணெய் வடிய வைத்திருந்த பழைய ஃபில்டர் அவள் கையில் இருந்தது. வாய் வெறுமையாக இருந்தது.

"உன்னத்தான் கேக்குறேன். எடுத்து மாட்டுனியா இல்லையா?"

"நான் கழட்டி வச்சிட்டுப் போன் பேசப் போனேன்" என்றார் மாப்பிள்ளை. "நீ கேப்பேன்னு நெனச்சேன்."

"உங்கிட்ட எவ பேசுவான்னு நானே ஆணியப் பாத்துட்டு மாட்டிட்டேன்."

நான் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார் அவர். அந்த நல்ல பழக்கத்தை அன்று வாய்விட்டுச் சபித்தேன். தங்கை ஒரு வண்டியை உதைத்துக் கிளப்பினாள், நான் பின்னால் ஏறினேன். வழியெல்லாம் போன் போட்டபடியே போனேன். ஊருக்குள் தரை சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் இல்லக்கா, ஒண்ணும் இல்ல" என்று தங்கை காற்றில் கத்தினாள். பெரிய ரோட்டில் ஏறியதும் சொட்டுகள் தெரிந்தன. பிறகு அவை கோடாக மாறின. அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கோடு வளைவு வரைக்கும் போயிற்று.

வளைவில் கூட்டம் நின்றது. வண்டி தடுப்புச் சுவரில் மோதி ஒரு பக்கமாகக் கிடந்தது, பின்சக்கரம் முழுக்க எண்ணெய். ஹெல்மெட் தலையில்தான் இருந்தது, ஆனால் பிளந்திருந்தது. அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. என் கையில் இருக்கிற போனிலிருந்துதான் அந்த அழைப்பு போகிறது என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

உயிர் இருக்கிறது. டாக்டர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது அவரைக் கடைக்கே கூட்டிவந்து மெஷின் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைக்கிறேன். ஊட்டினால் விழுங்குகிறார். கண் திறந்திருக்கிறது. வாய் பேசவில்லை. தங்கை வந்து காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவாள். நான் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. மாப்பிள்ளை இன்னும் உள்ளே வரவில்லை. வாசலோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள். முன்னைவிடச் சத்தமாக.

"வளையம்?"

"ஆணியில."

"கண்ணால பாத்தியா?"

"பாத்துட்டேன்டி, பாத்துட்டேன்."

மெஷினை நிறுத்திவிட்டு அவர் கையை எடுத்து நாற்காலிப் பிடியின்மேல் வைக்கிறேன். விரல்களைப் பிரித்துவிடுகிறேன்.

"பயப்படாதீங்க, நான் இங்கதான் நிக்கிறேன். கேக்குதா? கேட்டா ஒரு தட்டு தட்டுங்க."

கடைக்கு ஆள் வந்து கூப்பிடுகிறவரை குனிந்து அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.