பீலிக்குப் பின்னால் ஓடும் ஆறு

...முன்னுக்கு எடுப்பார்களாம், வரிசையில் காத்துக் கிடக்கிற மின்சாரத் திட்டங்களில் எது ராப்பகல் பாராமல் நம்பிக்கையாகக் கரண்ட் கொடுக்குமோ அதைச் சீக்கிரமாகப் பெரிய லைனில் சேர்ப்பார்களாம், அதற்கொரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் ரேடியோ சொன்னதிலிருந்து பிரான்சிஸ்காவின் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆற்றிலிருந்து லயத்து வீடுகளுக்கு வரும் பீலிக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அவளுக்கு முன்னே இன்னும் சில குடங்கள்... இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது, இங்கேயும் கைக்குழந்தைக்காரி வந்தால் முன்னுக்கு விடுகிறோமே. தோட்டத்து ஆற்றில் கட்டி முடித்து, லைன் கிடைக்காமல் பூட்டிக் கிடக்கிற பவர் ஹவுசும் அப்படி முன்னுக்கு வந்துவிட்டால்? மருமகன் ஜீவராஜ் அங்கே பார்க்கிற காவல் வேலை நிரந்தரமாகும், மகள் அஞ்சலின் பிள்ளையை விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போக வேண்டாம், எடுத்த பாஸ்போட் பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும், அந்தோனியாரே...

"என்னக்கா, கொடமெல்லாம் நகருது, நீங்க மட்டும் நிக்கிறீங்க? குவைத்துக்கு நீங்களே போயிட்டீங்களா?" என்றாள் பின்னால் நின்ற தனலெட்சுமி. "போடி, ஒன் வாயும் இந்தப் பீலியும் ஒண்ணு, நிக்கவே நிக்காது." "ரேடியோ சொன்ன மாதிரி லைன் வந்தா பீலி நின்னுரும்க்கா. பவர் ஹவுச டெஸ்ட்டு பாத்த அன்னைக்கு மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு மேலே ஆற்றை மறித்துக் குழாய்க்குள் விட்டார்கள், தண்ணீர் லயத்தைத் தாண்டிப்போய்க் கீழே பவர் ஹவுசில் விழுந்தது, நடுவில் இருந்த பீலி சொட்டுச் சொட்டாக அழுதது, பிள்ளைகள் வெறும் பாறையில் மீன் பொறுக்கினார்கள், பெண்கள் வெறுங்குடத்தைத் தட்டிச் சிரித்தார்கள், சாயங்காலம் திறந்துவிட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் நிற்கும்போது திட்டத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்டார்களே, அன்றைக்கும் லயமே கை தூக்கியது, நம்ம ஆறு, முதல் வெளிச்சம் நம்ம லயத்துக்குத்தான் என்று... தண்ணீர் எங்கே போகும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. லைன் வரவில்லை, வரவில்லை என்று எத்தனை பெருமூச்சு, இத்தனை வருசமும் அந்தத் தாமதத்தைத்தான் லயம் குடித்துக்கொண்டிருந்ததா?

"ரோசன பண்ணாதீங்கக்கா," என்று தனலெட்சுமி குனிந்து பிரான்சிஸ்காவின் குடத்தைப் பீலிக்கடியில் வைத்தாள். "அஞ்சலின் போகாம இருந்தா சரி. தண்ணிக்கு என்னமாச்சும் பண்ணிக்கலாம்."

குடம் நிறைந்து வழிந்தது, பிரான்சிஸ்கா எடுக்கவில்லை... தண்ணீர் போகப்போவது தனலெட்சுமிக்கும்தானே, அவள் ஒரு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை போலிருந்தது.